நாணல்குப்பத்துக்கு யார் சொல்வது

அருள்பிரகாசத்துக்குக் கையெழுத்து முத்து முத்தாக வரும். அவன் வாழ்க்கையில் நேர்ந்த நல்லதிலும் கெட்டதிலும் பாதி அந்தக் கையெழுத்தால் வந்ததுதான்.

ராயபுரத்துக்காரன். அப்பா துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டினவர். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஆனால் ராயப்பர் தேவாலயத் திருவிழாவுக்கு வருஷா வருஷம் போடுகிற நாடகத்துக்கு வசனம் எழுதுவது, நடிப்பவர்களுக்குப் பிரதி எடுத்துக் கொடுப்பது எல்லாம் அவன் வேலை. இருபத்திரண்டு வயதில் திருவொற்றியூரில் ஒரு கண்ணாடி ஆலையில் சேர்ந்தான். சூளையிலிருந்து ஆறி வருகிற பாட்டில்களை ஒவ்வொன்றாக விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்து, குமிழியோ கீறலோ இருந்தால் ஒதுக்கிவைக்க வேண்டும். கண்ணுக்குத்தான் வேலை, வாய்க்கு வேலையில்லை. அதனால் பாட்டில் பார்க்கும் நேரமெல்லாம் மனசுக்குள் கதை ஓடும். ராஜா, கோட்டை, பேசுகிற பறவை, முதுகில் சந்தையைச் சுமந்துகொண்டு கடலைக் கடக்கும் ஆமை என்று ஏதாவது ஒன்று.

1970 ஜனவரியில் ஆலையில் வேலைநிறுத்தம் தொடங்கியது. பன்னிரண்டு கோரிக்கைகள். சங்கத் தலைவர் ரகுபதி, ஆலையில் ஃபிட்டர், திருவொற்றியூர்க் கடற்கரைக் குப்பத்தில் பிறந்தவர். அப்போது அவருக்கு நாற்பது வயதிருக்கும். பேச்சில் நெருப்பு இருக்கும், ஆனால் ஆளைப் பேர் சொல்லித் திட்டமாட்டார். கேன்டீனில் ஒரு சாரார் மட்டும் தனி டம்ளரில் குடிக்க வேண்டியிருந்த வழக்கத்தை ஒழித்தது அவர். சாமான்ய ஒழிப்பா அது? தினமும் அந்தத் தனி டம்ளரிலேயே தான் காப்பி வாங்கிக் குடித்தார். ஒரு மாதத்தில் இன்னும் முப்பது பேர் அப்படிக் குடிக்க, எது யார் டம்ளர் என்று கேன்டீன்காரனுக்கே தெரியாமல் போயிற்று. ஆலைக்குப் பின்னால் உடைந்த பாட்டில்களை நிறம் பிரித்துக் கழுவும் இருபத்திரண்டு பெண்களுக்கு வெயிலில் கூரை போட வைத்ததும் அவர்தான். அந்தப் பெண்கள் தற்காலிகம். பத்து வருஷம் ஆனாலும் தற்காலிகம். அவர்களை நிரந்தரமாக்குவது பன்னிரண்டில் ஒன்பதாவது கோரிக்கை.

ஆலை வாசலுக்கு எதிரே கீற்றுப் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். கண்ணாடிச் சூளை அணைந்தால் உள்ளே உருகிக் கிடப்பது இறுகிச் சூளையே வீணாகிவிடும், அப்புறம் யாருக்கும் வேலையில்லை. அதனால் சூளையைக் காக்க மட்டும் ஆறு பேர் உள்ளே போகலாம் என்று சங்கமே அனுமதித்தது. மற்றவர்களுக்குப் பொழுது போகவேண்டும். இரண்டு வாரத்தில் சீட்டுக்கட்டு வந்தது, சீட்டோடு சண்டை வந்தது. ஒருநாள் மண்டை உடைந்தது.

ரகுபதி அருள்பிரகாசத்தைக் கூப்பிட்டார்.

"அருளு, நீ கோயில்ல டிராமா எழுதறவன்தானே. இத்தினி பேரையும் குந்த வெக்கிற மாரி எதுனா பண்ணு. இந்த சீட்டுக்கட்டு பேஜாரு ஒழியணும்."

நாடகம் போட்டால் நடிப்பவன் நாலு பேர், பார்ப்பவன் நானூறு பேர். நாலு நாளில் அலுத்துவிடும். அருள்பிரகாசம் ஒரு ராத்திரி யோசித்து, மறுநாள் ஒரு விளையாட்டைக் கொண்டுவந்தான். பந்தலில் மணலைப் பரப்பி, பச்சைக் கண்ணாடி உடைசலால் கடலும் பழுப்பு உடைசலால் நிலமும் இழைத்தான். "இது ஆழிநாடு" என்றான். மேட்டுக்கோட்டையில் ராஜா. கோட்டைக்குப் பின்னால் ஒரு பெரிய ஏரி, கற்சுவர் கட்டி மறித்திருக்கிறது. நல்ல தண்ணீர் முழுக்கக் கோட்டைக்கு. கீழே இருக்கிற சனங்களுக்கு உப்புக் கரிக்கிற ஊற்று. ஒவ்வொருவரும் அந்த நாட்டில் ஓர் ஆளாக இருக்கலாம். முறை வரும்போது தான் இன்ன காரியம் செய்கிறேன் என்று சொல்ல வேண்டும். ஆறு சோழி உருட்ட வேண்டும். நாலோ அதற்கு மேலோ நிமிர்ந்தால் காரியம் பலிக்கும், இல்லாவிட்டால் பிசகும். என்ன பலித்தது, என்ன பிசகிற்று என்று அருள்பிரகாசம் கதையாகச் சொல்வான். மற்றவர்களுக்குத் தெரியக்கூடாத திட்டமென்றால் அவன் காதில் மட்டும் சொல்லலாம்.

முதல் நாள் ஏழு பேர் ஆடினார்கள். நாலாம் நாள் பந்தல் கொள்ளவில்லை. சூளை ஆள் மஜீது, ஈ எறும்புக்குக் கெடுதல் நினைக்காதவர், கொடுங்கோல் ராஜாவாக இருக்க ஆசைப்பட்டார். உள்ளே முறை முடிந்து வியர்வையோடு வெளியே வந்ததும் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, "யாரங்கே, தண்ணி கேட்டவன் நாக்க அறு" என்பார். பந்தலே சிரிக்கும்.

ராஜாவிடம் மந்திரியாக இருந்து, மனம் மாறி, சனங்கள் பக்கம் வந்துவிட்ட மாறவேள் என்று ஒருவன் கதையில் இருந்தான். அந்த இடத்துக்கு ரகுபதியைத் தவிர யாரையும் யாரும் நினைக்கவில்லை. அவரும் தினம் அரைமணி நேரம் வந்து உட்கார்ந்தார். அவர் ஆடுகிற அழகே தனி. கோட்டைக் காவலர்களைப் பேசியே தன் பக்கம் இழுப்பார். ஆமை முதுகுச் சந்தையில் ரகசியக் கூட்டம் போடுவார். சோழி கவிழ்ந்தாலும் முகம் சுளிக்கமாட்டார்.

உடைசல் கழுவும் பெண்கள் பந்தலின் ஓரத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். அவர்களில் மூத்தவள் வியாகுலம்மாள். காலடிப்பேட்டையில் வீடு. புருஷன் இல்லை. பதினொரு வருஷம் கண்ணாடி பிரித்து விரல் நுனியெல்லாம் வெட்டுத் தழும்பு. ஒருநாள் அவள் கேட்டாள்:

"இன்னா அருளு, இந்த நாட்ல பொம்பளைங்களே கெடையாதா?"

அருள்பிரகாசத்துக்கு வெட்கமாகிவிட்டது. ஏரிச் சுவருக்குக் கீழே, தாழ்வில், நாணல்குப்பம் என்று ஓர் ஊரை அங்கேயே உண்டாக்கினான். நாற்பது குடிசை, வலை பின்னுகிற சனம். வியாகுலம்மாள் அந்தக் குப்பத்தின் தலைவி முத்துநாச்சி ஆனாள். அவளுக்கு ஆட்டம் பிடித்துப்போயிற்று. குப்பத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று தானே சொல்லிக்கொண்டு போனாள். காது கேளாத ஒருத்தி, தினம் சண்டை போடும் ஓரகத்திகள் இரண்டு பேர், எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடுகிறவன் ஒருவன். அருள்பிரகாசம் அத்தனை பேரையும் கதையில் சேர்த்தான்.

முப்பத்தோராம் நாள் ரகுபதி குனிந்து அவன் காதில் சொன்னார்: "நாளைக்கு ஏரிச் சுவர உடைக்கிறேன். தண்ணி எல்லா ஊருக்கும் பாயட்டும்."

"சுவருக்குக் கீழ நாணல்குப்பம் கீதுண்ணே."

"தெரியும். சொல்லி அனுப்பினா ராஜாவோட ஒற்றனுக்குத் தெரிஞ்சிபூடும். ராஜா படைய நிறுத்திடுவான். சொல்ல வாணாம்."

அருள்பிரகாசம் தலையை ஆட்டினான். காதில் சொன்னதை வெளியே விடக்கூடாது என்பது அவன் போட்ட விதி.

மறுநாள் ரகுபதி உருட்டிய சோழியில் ஐந்து நிமிர்ந்தது. சுவர் உடைந்தது. பந்தலில் விசில். மஜீது துண்டை அவிழ்த்து எறிந்துவிட்டு, "செத்தேன்டா" என்று மணலில் சாய்ந்தார். பதினாலு ஊர்களுக்கு நல்ல தண்ணீர் போய்ச் சேர்ந்ததை அருள்பிரகாசம் ஊர் ஊராகச் சொன்னான். சனங்கள் குடங்களோடு ஓடி வந்ததைச் சொன்னான். கைத்தட்டல் ஓய்ந்த பிறகு, குரலைத் தாழ்த்தி நாணல்குப்பத்தைச் சொன்னான். வெள்ளம் முதலில் அங்கே இறங்கியது. விடிகிற நேரம். கடலுக்குப் போயிருந்த கொஞ்சப் பேரைத் தவிர யாரும் மிஞ்சவில்லை.

"அப்ப நானு?" என்றாள் வியாகுலம்மாள்.

"நீங்க இல்லக்கா."

"செத்துட்டனா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே புடவை மணலைத் தட்டிவிட்டு எழுந்தாள். எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தாள்.

"செத்தவ பேசக் கூடாதா அருளு?"

அதற்கு விதி எதுவும் இல்லை. அருள்பிரகாசம் அந்த நிமிஷத்தில் ஒரு விதி செய்தான். செத்துப் போனவர் ஒரு நாளைக்கு ஒரு கேள்வி கேட்கலாம். யாரைக் கேட்கிறாரோ அவர் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

"அப்டினா மந்திரியதான் கேக்கறேன். எங்களாண்ட ஏன் சொல்லல?"

ரகுபதி சிரித்தபடியே பதில் சொன்னார். "சொன்னா ரகசியம் வெளிய பூடும்மா. பதினாலு ஊரு தண்ணி இல்லாம சாவும்."

மறுநாள் அவள் கேட்டாள்: "எங்கள்ல யாரு ராஜாவாண்ட போயி சொல்லுவான்னு நெனச்சே? பேரு சொல்லு."

ரகுபதி யோசித்தார். குப்பத்தில் அவருக்குப் பேர் தெரிந்தவர்கள் யாருமில்லை. "யாருன்னு தெரியாததுதாம்மா பயமே" என்றார். சுமாரான பதில்தான், ஆனாலும் கேட்டுக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள்: "ஒன் வூடு அங்க இருந்திருந்தா?"

"அப்பவும் உடைச்சிருப்பேன்" என்றார் ரகுபதி. அது பொய்யில்லை என்று அவரைத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும்.

செத்துப்போன ராஜா மஜீது இடையில் புகுந்தார். "அப்பவும் சொல்லாமயா தலைவரே?"

ரகுபதிக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது. "இப்டி ஒவ்வொண்ணையும் நோண்டிகினு இருந்தா ஒரு தலைவன் ஒண்ணும் பண்ண முடியாது மஜீதுபாய். பெரிய காரியம்னா சேதம் இல்லாம நடக்காது."

அருள்பிரகாசம் கதையை நகர்த்தினான். கடலுக்குப் போனவர்களின் படகுகள் திரும்பி வந்துவிட்டன. குப்பம் இருந்த இடத்தில் சேற்றைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். சுவரை உடைத்தது யார் என்று கேட்கிறார்கள். மாறவேள் அங்கே போகிறானா?

"போகமாட்டான்" என்றார் ரகுபதி. "அங்க போயி அவன் தலை குனிஞ்சா, அவன நம்புன பதினாலு ஊரும் தலை குனியும்." எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மறுநாளிலிருந்து விளையாட வரவில்லை. நிர்வாகத்தோடு பேச்சுவார்த்தை தொடங்கிவிட்டது என்றார்கள். அது உண்மையும்தான்.

இப்படியே நாற்பத்தைந்து நாள் ஆயிற்று. பந்தலில் முகங்கள் வற்றிப் போயின. பிள்ளைகளை மாமியார் வீட்டுக்கு அனுப்பியவர்கள், இரவல் அரிசியில் கஞ்சி வைத்தவர்கள், கள்ளத்தனமாக எண்ணூர்ப் பக்கம் கூலி வேலைக்குப் போனவர்கள் என்று பலவிதம். அருள்பிரகாசத்தின் மனைவி ஐரீனுக்கு நாலு மாதம். அதற்கு முன் இரண்டு தங்காமல் போயிருந்தது. டாக்டர் பால் குடிக்கச் சொல்லியிருந்தார்.

ஐம்பத்தோராம் நாள் மத்தியானம் ரகுபதி அவனைச் சங்க அலுவலகத்துக்கு வரச் சொன்னார். சைக்கிள் கடைக்கு மேலே ஒரே ஓர் அறை. மேஜையில் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த நாலு தாள்.

"முடிஞ்சிது அருளு. பன்னண்டுல பதினொண்ணு குடுத்துட்டான். நாளான்னிக்குக் கூட்டம் போட்டு சம்மதம் வாங்கணும். தமிழ்ல நோட்டீஸ் எழுது. ஒன் எழுத்து இருந்தாதான் சனம் நின்னு படிக்கும்."

அருள்பிரகாசத்துக்கு ஆங்கிலம் ஓரளவு தெரியும். ஒன்பதாவது வரியில் பேனா நின்றது. உடைசல் பகுதிக்கு இயந்திரம் வருகிறது. அங்குள்ள தற்காலிகப் பெண்கள் இருபத்திரண்டு பேரும் விடுவிக்கப்படுகிறார்கள். சங்கம் இதை ஆட்சேபிக்காது.

"அண்ணே, இது..."

"அத்த எழுதாத. நான் வாயால சொல்லிக்கறேன்."

"எப்ப?"

ரகுபதி ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்தார். "ஓட்டுக்கு அப்பால. இப்ப சொன்னா அதுங்க ஆலை கேட்டாண்ட குந்திக்கும். ஆம்பளைங்க பாதிப்பேரு மனசு மாறுவான். இன்னும் பத்து நாளு இழுத்தா சங்கமே ஒடஞ்சிடும். எத்தினி வூட்ல அடுப்பு எரியலைன்னு ஒனக்குத் தெரியாதா? அடுத்த பேச்சுல அதுங்கள உள்ள கொண்டாந்துடறேன். என் வாக்கு."

அந்த வாக்கை அருள்பிரகாசம் நம்பினான். நம்புவதற்குத் தோதாக வீட்டில் ஐரீன் இருந்தாள். பதினொரு வரிகளை எழுதினான். எண்கள் ஒன்றிலிருந்து பதினொன்றுவரை இடைவெளி தெரியாமல் வந்தன. மாலையில் அது பந்தல் கம்பத்தில் தொங்கியது. படிக்கத் தெரிந்தவர்கள் உரக்கப் படித்தார்கள். வியாகுலம்மாள் யாரிடமோ இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "நம்பள்து எங்கபா?" என்றாள். "எல்லாருக்கும் சேத்துதான் போட்டுகீது" என்றான் படித்தவன்.

மறுநாள் ஆட்டத்துக்கு நாலைந்து பேர்தான் வந்தார்கள். வேலைக்குத் திரும்பப் போகிறோம் என்று மற்றவர்கள் சட்டை துவைக்கப் போய்விட்டார்கள். வியாகுலம்மாள் வந்தாள்.

"மந்திரிதான் வர்றதே இல்ல. நான் யாரக் கேக்கறது? ஒன்னையே கேக்கறேன். அவரு ஒன் காதுல முன்னாடியே சொன்னார்ல? ஒனக்குத் தெரியும்ல? ஒரு பறவையக் கிறவைய அனுப்பி ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. நீ ஏன் சொல்லல?"

அவள் கதையைத்தான் கேட்டாள். முகத்தில் விளையாட்டுச் சிரிப்புத்தான் இருந்தது. விதிப்படி அவன் பதில் சொல்ல வேண்டும். "ஒடம்பு சரியில்லக்கா" என்று சொல்லிச் சோழிகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டான்.

வீட்டில் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தான். ஐரீன் விடவில்லை. சொன்னான்.

அவள் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டாள். "எனக்கு பயமா கீது" என்றாள். "மறுபடி வேல நின்னா எப்டின்னு பயமா கீது. ஆனா அந்தக்கா நாளைக்கு நம்ம வூட்டுக்கு வந்தா நான் எப்டி மூஞ்சி குடுக்கறது? நீ போயி சொல்லிடு."

காலையில் ஆறு மணிக்கு அவன் காலடிப்பேட்டையில் நின்றான். வியாகுலம்மாள் வாசலில் உட்கார்ந்து காரப்பொடி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னான். ஒன்பதாவது வரியை அப்படியே தமிழில் சொன்னான்.

அவள் கை நிற்கவில்லை. இன்னும் நாலைந்து மீன் ஆய்ந்தாள்.

"ஒனக்கு எப்ப தெரியும்?"

"முந்தாநேத்து."

"நோட்டீஸ எழுதுனது நீதான?"

"நான்தான்."

"எழுதும்போதே தெரியும்?"

"தெரியும்க்கா."

அவள் சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். கை கழுவிவிட்டு வந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தான். "கூட்டம் எத்தினி மணிக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

கூட்டம் மூன்று மணிக்கு, ஆலைக்குப் பக்கத்துக் காலி மனையில். ரகுபதி ஸ்டூல்மேல் ஏறிப் பதினொரு வெற்றிகளையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் கைத்தட்டல். முடிக்கிற நேரத்தில் வியாகுலம்மாள் எழுந்தாள். அவளோடு இருபத்தோரு பெண்களும் எழுந்தார்கள்.

"தலைவரே, எங்கள வேலைய வுட்டு நிறுத்தறதுக்கு நீ கையெழுத்துப் போடப்போறியாமே. மெய்யா?"

கூட்டம் சலசலத்தது. "யாரோ கிளப்பி வுடறாங்க", "கம்பெனி ஆளு வேலை" என்று குரல்கள் வந்தன. ரகுபதியின் கண் கூட்டத்தைத் துழாவி அருள்பிரகாசத்திடம் வந்து நின்றது. அவர் அந்த நேரம் "பொய்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அத்தனை பேரும் அவரைத்தான் நம்பியிருப்பார்கள். அருள்பிரகாசம் பிற்பாடு யாரிடம் இதைச் சொன்னாலும் இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துவான்.

ரகுபதி சட்டைப் பையிலிருந்து ஆங்கிலத் தாளை எடுத்தார். ஒன்பதாவது வரியைப் படித்தார். தமிழில் சொன்னார்.

"ஏன் எங்களாண்ட சொல்லல?" என்றாள் வியாகுலம்மாள். இந்தத் தடவை அவள் முகத்தில் சிரிப்பில்லை.

"சொன்னா நீங்க ஒத்துக்கமாட்டீங்கன்னுதான்" என்றார் அவர். ஒலிபெருக்கி இல்லை, ஆனாலும் கடைசி ஆள்வரை கேட்டது. "வேற காரணம் கெடையாது. ரெண்டு நாளா வேற காரணம் தேடிகினு இருந்தேன். கெடைக்கல."

பிறகு ஒரு மணிநேரம் கத்தல். சிலர் பெண்களுக்காகப் பேசினார்கள். பலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருவன் எழுந்து, "என் கொழந்த மூணு நாளா வடிச்ச கஞ்சி குடிக்குது" என்று அழுதான். அவனை யாரும் குறை சொல்ல முடியவில்லை. ஐந்து மணிக்குக் கை தூக்கச் சொன்னார்கள். மஜீது கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவரைப் போல ஓர் ஐம்பது பேர். மற்ற கைகள் மெதுவாக, ஒன்றைப் பார்த்து ஒன்றாக உயர்ந்தன. அருள்பிரகாசமும் கை தூக்கினான்.

மறு வாரம் சூளைப் புகை பழையபடி கனத்தது. உடைசல் முற்றத்தில் இயந்திரத்துக்குத் தளம் போட்டார்கள்.

ரகுபதி அருள்பிரகாசத்தோடு பேச்சை நிறுத்தினார். எதிரே வந்தால் நேராகப் பார்த்துக்கொண்டே கடந்து போவார்; பகை இல்லை, பேச்சும் இல்லை. சங்கத்து ஆட்கள் சிலர் அவனைக் காட்டிக்கொடுத்தவன் என்றார்கள். பெண்கள் பக்கத்து ஆட்கள் நோட்டீஸ் எழுதினவன் என்றார்கள். இரண்டுக்கும் அவனிடம் மறுப்பு இல்லை. பந்தல் பிரித்த அன்று ஆழிநாட்டுக் கண்ணாடித் துண்டுகளைக் கூடையில் வாரிச் சூளைக்கு அனுப்பிவிட்டார்கள்.

தலைவர் என்ன செய்தார் என்பது அவனுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரியவந்தது. அடுத்தடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவர் தனியாக, கொடியில்லாமல் ஆளில்லாமல், அந்த இருபத்திரண்டு வீடுகளுக்கும் நடந்து போயிருக்கிறார். சில வீடுகளில் தண்ணீர் கொடுத்தார்கள். சில வீடுகளில் கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் குணசுந்தரி என்கிற பெண் விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாளாம். அவர் வாசலிலேயே நின்றிருக்கிறார். வியாகுலம்மாள் வீட்டில் முக்காலி போட்டாள்.

"எதுக்கு வந்தே தலைவரே?"

"தெரிஞ்சேதான் பண்ணேன்னு சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"அத்ததான் கூட்டத்துலயே சொல்லிட்டியே. இப்ப வேலைக்கு இன்னா வழி? அத்தச் சொல்லு."

அவரிடம் வழி இல்லை. ஆனால் அன்றிலிருந்து தேடினார். மூன்று வருஷத்தில் பதினோரு பேருக்கு அங்கே இங்கே இடம் பிடித்தார்; நாலு பேர் அதே ஆலையின் அட்டைப்பெட்டிப் பிரிவில். மீதிப் பேருக்கு முடியவில்லை. இரண்டு பேர் ஊரைவிட்டே போய்விட்டார்கள். குணசுந்தரி வீட்டுக்கு அவர் நாலு தடவை போனதாகவும் நாலு தடவையும் அவள் பேசவே இல்லை என்றும் மஜீது சொன்னார். சங்கத் தேர்தலில் அவருக்கு ஓட்டுக் குறைந்தது, ஆனாலும் ஜெயித்தார்.

1973-இல் அடுத்த ஒப்பந்தம் வந்தபோது, வரைவு முழுவதையும் கையெழுத்துக்கு ஒரு வாரம் முன்பே வாசலில் ஒட்டச் சொன்னார். நிர்வாகம் கோபித்துக்கொண்டு பேச்சை முறித்தது. ஒப்பந்தம் மூன்று மாதம் தள்ளிப் போயிற்று, இரண்டு கோரிக்கை கைவிட்டுப் போயிற்று. முன்பு மாதிரி ரகசியமாக முடித்திருந்தால் அவையும் கிடைத்திருக்கும் என்று அவர் காதுபடவே பேசினார்கள். "கெடச்சிருக்கும்தான்" என்பார், அதற்குமேல் வாதாடமாட்டார்.

அருள்பிரகாசத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. அடுத்து ஒரு பையன். ஞாயிறு பூசை முடிந்து மத்தியானங்களில் அவன் வீட்டில் மஜீதும் தெருக்காரர்கள் நாலைந்து பேரும் கூடுவார்கள். ஆழிநாடு போய் வேறு நாடுகள் வந்தன. அவன் கதைகளில் நல்ல ராஜாவும் தோற்பான், கெட்ட ராஜாவுக்கும் பல்வலி வரும்.

வியாகுலம்மாள் காசிமேட்டில் கருவாட்டுக் கடை போட்டாள். கண்ணாடி வெட்டின கைக்கு உப்பு எரியும் என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். ஒரு மாதம் எரிந்தது, பிறகு பழகிவிட்டது. அருள்பிரகாசம் மாதம் ஒருமுறையாவது அங்கே போவான். ஐரீனுக்கு நெத்திலிக் கருவாடு பிடிக்கும் என்பது ஒரு சாக்கு. குழந்தைகளைப் பற்றி, மழையைப் பற்றி, விலைவாசியைப் பற்றிப் பேசுவார்கள். அந்தக் கூட்டத்தைப் பற்றி இருவரும் பேசினதே இல்லை.

1975-இல், தை மாசமோ மாசியோ, அவள் கடையில் கூட்டமில்லாத ஒரு சாயங்காலம். படகுகள் எல்லாம் கரையில். வலையைக் காயப் போட்டிருந்தார்கள்.

"அக்கா, அன்னிக்கு ஓட்டெடுப்புல நான் கை தூக்குனேன்" என்றான் திடீரென்று.

அவள் கூடையைச் சாய்த்து நெத்திலியைப் பரப்பிக்கொண்டிருந்தாள். "பாத்தேன்."

"அன்னிக்கேவா?"

"ஒனக்கு நேரா பின்னாலதான நின்னுகினு இருந்தேன்."

ஐந்து வருஷம். ஐந்து வருஷமாகக் கருவாடு கட்டிக் கொடுத்திருக்கிறாள். "ஐரீனுக்கு அப்ப நாலு மாசம்க்கா" என்று ஆரம்பித்தான். பிறகு, "அது மட்டும் இல்ல. பயம்" என்றான்.

"அதான் தெரியுதே." ஈயை விரட்டினாள். "காலைல வந்து சொன்னே பாரு, அதுவும் பாத்தேன். ரெண்டையும்தான் பாத்தேன். எத்த வுட்டுட்டு எத்த எடுத்துக்கச் சொல்றே?"

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. யானைக்கவுனியிலிருந்து வழக்கமாக வருகிற கடைக்காரர் ஒருவர் வந்துவிட்டார். அவரோடு பேரத்தில் இறங்கி, காரத்தோடு இரண்டு வார்த்தை சொல்லி, சரக்கைத் தள்ளினாள். அருள்பிரகாசம் எழுந்து, கேட்காமலேயே, கடைக்காரர் ஒரு பக்கம் தூக்கிய கனத்த கூடையின் மறு காதைப் பிடித்து வண்டிவரை தூக்கிக்கொடுத்தான். திரும்பி வந்தபோது அவள் அவனுக்கான நெத்திலியைப் பேப்பரில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"பொண்ணுக்கு சொரம்னியே, போன வாரம்," என்றாள். "வுட்டுச்சா?"

"வுட்டுடுச்சிக்கா. நேத்துலேர்ந்து ஸ்கூலுக்குப் போவுது."